வண்டி ஓட்டும்போது செல்போன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டி ஓட்டும்போது செல்போனைத் தொடக் கூடாது என்பது தெரியாதவர் யாரும் இல்லை. தெரிந்தும் தொடுகிறோம். ஏனென்றால் ஒவ்வொருவரிடமும் ஒரு ‘ஆனால்’ இருக்கிறது. ‘ஆனால் நான் ஹெட்போனில்தானே பேசுகிறேன்’, ‘ஆனால் வண்டி நிற்கும்போதுதானே பார்த்தேன்’, ‘ஆனால் எனக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லையே’. இந்த ‘ஆனால்’களைத்தான் இங்கே கேள்விகளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நொடி எடுத்துப் பார்ப்பதில் என்ன வந்துவிடப்போகிறது?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் நகர்கிறது. எதிரே ஆபத்து தெரிந்த கணமே கால் பிரேக்கை மிதித்துவிடுவதில்லை. கண் பார்த்து, மூளை அதைப் புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்கு வந்து அழுத்த, கவனமாக ஓட்டுபவருக்கே ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வண்டி 25 மீட்டர் போயிருக்கும். அதற்குப் பிறகு, காய்ந்த சாலையில், நல்ல பிரேக்கோடு, வண்டி முழுவதுமாக நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 45 மீட்டர்.

இப்போது 45 மீட்டருக்குச் சற்று அப்பால் ஒரு முதியவர் சாலையைக் கடக்க இறங்குகிறார். சாலையில் கண் வைத்திருந்த ஓட்டுநர் அவருக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிடுவார். முதியவர் திடுக்கிட்டிருப்பார், அவ்வளவுதான். அதே இடத்தில், அதே வேகத்தில், ஒரே ஒரு விநாடி திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவருக்கு என்ன ஆகும்? திரையைப் பார்த்த விநாடியில் 17 மீட்டர் போய்விட்டது. புரிந்துகொண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் 25 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடிக்கத் தொடங்கும்போது மிச்சம் இருப்பது மூன்றே சொச்சம் மீட்டர். அந்தத் தூரத்தில் வேகம் 60-இலிருந்து 55 ஆகத்தான் குறையும். முதல் ஓட்டுநர் இடிக்கவே இல்லை. இரண்டாமவர் மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் இடிக்கிறார். இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு விநாடி.

உண்மையில் யாரும் ஒரு விநாடியோடு நிறுத்திக்கொள்வதும் இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் லாரிகளில் கேமராக்களைப் பொருத்தி, ஓட்டுநர்களின் கண் எங்கே போகிறது என்று பதிவு செய்தது. 2009-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே ஓட்டியவர்களின் பார்வை ஒவ்வொரு ஆறு விநாடியிலும் 4.6 விநாடி சாலையை விட்டு விலகியிருந்தது. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் அது 115 மீட்டர் தூரம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். விபத்து அல்லது விபத்தை நெருங்கிய நிலைமை ஏற்படும் வாய்ப்பு, செய்தி அனுப்பிய லாரி ஓட்டுநர்களுக்கு 23 மடங்கு அதிகமாக இருந்தது.

நான் கையில் எடுப்பதே இல்லை. ஹெட்போனிலோ ப்ளூடூத்திலோதான் பேசுகிறேன். அது பாதுகாப்புதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

செல்போன் மூன்று வழிகளில் ஓட்டுநரைத் திசைதிருப்புகிறது: கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கிறது, கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்கிறது, மனத்தை ஓட்டுவதிலிருந்து எடுக்கிறது. ஹெட்போன் இவற்றில் கையை விடுவிக்கிறது. அழைப்பை எடுத்த பிறகு கண்ணையும் ஓரளவுக்கு விடுவிக்கிறது. மனத்தை அது தொடுவதே இல்லை. ஓட்டுவது கையும் காலும் செய்யும் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த மூன்று விநாடியில் என்ன நடக்கும் என்று இடைவிடாமல் ஊகித்துக்கொண்டே இருப்பதுதான் ஓட்டுவது. நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து யாராவது வெளியே வரலாம், முன்னால் போகும் கார் இண்டிகேட்டர் போடாமல் திரும்பலாம், சைக்கிள் ஓட்டுபவர் பள்ளத்தைத் தவிர்க்க வலப்பக்கம் விலகலாம். பேச்சில் மூழ்கியதும் முதலில் நின்றுபோவது இந்த ஊகம்தான்.

இது என் அனுமானம் இல்லை. 1997-இல் ரெடெல்மையர், டிப்ஷிரானி என்ற இரண்டு கனடிய ஆய்வாளர்கள், டொரண்டோவில் விபத்தில் சிக்கிய, செல்போன் வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளியிட்டார்கள். செல்போன் பேசும்போது விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்திருந்தது. கையில் பிடிக்காமல் பேசும் கருவி வைத்திருந்தவர்களுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைத்திருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் இன்றுவரை இந்த நான்கு மடங்கு என்ற அளவைத்தான் சொல்லிவருகிறது.

‘கண் சாலையில்தானே இருக்கிறது’ என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் பார்ப்பதில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் அவரது குழுவினரும், ஓட்டுநரின் கண் எங்கே பதிகிறது என்பதைத் துல்லியமாகக் காட்டும் கருவியை வைத்து ஆராய்ந்தார்கள். ஹெட்போனில் பேசிக்கொண்டே ஓட்டியவர்களின் கண்கள் சாலையோர விளம்பரப் பலகைகள்மீது நேராகவே பதிந்தன. பிறகு அதே பலகைகளைக் காட்டிக் கேட்டபோது, பேசாமல் ஓட்டியவர்களைவிட மிகக் குறைவாகவே அவர்களால் அடையாளம் காண முடிந்தது. கண்ணில் விழுந்தது மனத்தில் விழவில்லை. பலகையைத் தவறவிட்டால் பரவாயில்லை. அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால்?

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடன் பேசுவதில்லையா? அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பக்கத்தில் இருப்பவரும் சாலையைப் பார்க்கிறார். குறுகலான திருப்பம் வரும்போது அவர் தானாகவே பேச்சை நிறுத்துகிறார். லாரி முந்தி வந்தால் ‘பார்த்து’ என்கிறார். தவறவிட்ட திருப்பத்தைச் சுட்டிக்காட்டுகிறார். செல்போனின் மறுமுனையில் இருப்பவர் தன் வீட்டு நாற்காலியில் இருக்கிறார். நீங்கள் ஒரு நொடி மௌனமானால் ‘ஹலோ, ஹலோ, கேட்கிறதா?’ என்று இன்னும் உரக்கக் கேட்கிறார். நீங்கள் பிரேக்மீது வைக்க வேண்டிய கவனத்தை அவருக்குப் பதில் சொல்வதில் வைக்கிறீர்கள்.

இதையும் சோதித்திருக்கிறார்கள். 2008-இல் வெளியான யூட்டா ஆய்வொன்றில், பாவனைக் கருவியில் (சாலையைத் திரையில் காட்டி, நிஜ வண்டிபோலவே ஓட்ட வைக்கும் கருவி) நெடுஞ்சாலையில் ஓட்டிச் சென்று, சொல்லப்பட்ட ஓய்விடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டும். நண்பரைப் பக்கத்தில் வைத்துப் பேசிக்கொண்டு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். அதே நண்பருடன் செல்போனில் பேசிக்கொண்டு ஓட்டியவர்களில் பாதிப்பேர் அந்தத் திருப்பத்தையே கவனிக்காமல் கடந்துபோய்விட்டார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு நடக்கும் கடுமையான சண்டையும் ஆபத்துதான். மனம் கொதித்துக்கொண்டிருக்கும்போது யாரோடு பேசினாலும் ஓட்டுவது கெடும்.

குடித்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம் என்கிறார்களே, அது மிகைப்படுத்தல் இல்லையா?

2006-இல் ஸ்ட்ரேயர் குழுவினர் இதையே நேரடியாக ஒப்பிட்டார்கள். அதே ஓட்டுநர்கள், ஒருமுறை ரத்தத்தில் மது 0.08 சதவீதத்தை எட்டும்வரை குடித்துவிட்டும், ஒருமுறை மது இல்லாமல் செல்போனில் பேசிக்கொண்டும் பாவனைக் கருவியில் ஓட்டினார்கள். இரண்டும் ஓட்டுதலைக் கெடுத்தன, ஆனால் வெவ்வேறு விதமாக. குடித்தவர்கள் முரட்டுத்தனமாக, முன் வண்டியை ஒட்டி ஓட்டி, பிரேக்கை ஓங்கி மிதித்தார்கள். செல்போன் பேசியவர்கள் மந்தமாக ஓட்டினார்கள். முன் வண்டி பிரேக் பிடித்ததை உணரவே அவர்களுக்கு அதிக நேரம் பிடித்தது. பின்புறம் சென்று மோதியது செல்போன் பேசியவர்கள்தாம்.

ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். செல்போனை வைத்துவிட்டால் சற்று நேரத்தில் தெளிந்துவிடலாம், மது அப்படி இறங்காது. ஆனால் குடித்துவிட்டு ஓட்டுபவரைப் பார்த்தால் நாம் சாவியைப் பிடுங்குகிறோம். பேசிக்கொண்டே ஓட்டுபவரைப் பார்த்தால் பேசி முடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் பார்த்தால்?

வண்டி நின்றிருக்கிறது, ஆகவே ஆபத்தில்லை என்று தோன்றுகிறது. ஆபத்து பச்சை விழுந்த பிறகு தொடங்குகிறது. திரையில் படித்தது உடனே மனத்தை விட்டுப் போய்விடுவதில்லை. 2015-இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ-வின் போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக நடத்தப்பட்ட ஆய்வில், குரல் கட்டளையால் செல்போனையும் கார் கருவிகளையும் இயக்கியவர்களின் கவனம் முழுமையாகத் திரும்பச் சில வேளைகளில் 27 விநாடி வரை பிடித்தது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 27 விநாடி என்றால் 300 மீட்டர். சிக்னலைத் தாண்டி, பாதசாரிகள் கடக்கும் இடத்தைத் தாண்டி, அடுத்த முனைவரை போய்விடலாம்.

அதோடு, பச்சை விழுந்ததும் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கிறார். திரையிலிருந்து திடுக்கிட்டு நிமிர்பவர் முன்னால் யாராவது இன்னும் கடந்துகொண்டிருக்கிறார்களா என்று பார்க்காமலே வண்டியைக் கிளப்புகிறார். எந்தச் சிக்னலிலும் சற்று நேரம் நின்று கவனித்தால் இதைப் பார்க்கலாம்.

குரலாலேயே செய்தி அனுப்பலாமே? கண்ணும் கையும் வேண்டியதில்லையே?

மேலே சொன்ன 27 விநாடி குரல் கட்டளையைப் பற்றியதுதான். கருவி தவறாகப் புரிந்துகொண்டால் நாம் திருத்துகிறோம், திருத்தியதைச் சரிபார்க்கத் திரையைப் பார்க்கிறோம். பெயரை மாற்றி வேறு யாருக்கோ போய்விட்டதோ என்ற பதற்றம் வேறு.

இருசக்கர வாகனத்தில்?

இங்கே எல்லாமே ஒரு படி மோசம்.

செல்போனை ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டு போகிறவரைக் கூர்ந்து பாருங்கள். நழுவிவிடாமல் இருக்கத் தலையை ஒரு பக்கம் சாய்த்திருப்பார். சாய்ந்த பக்கத்துத் தோள் உயர்ந்திருக்கும். தோள் உயர்ந்தால் அந்தக் கை விறைக்கும்; விறைத்த கை கைப்பிடியை மெல்ல ஒரு பக்கம் இழுக்கும். இழுப்பதை அவர் உணரமாட்டார், வண்டி கோட்டை விட்டு விலகுவதைப் பின்னால் வருகிறவர்தான் பார்ப்பார். சாய்ந்த பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார், ஏனென்றால் தலையைத் திருப்பினால் செல்போன் விழுந்துவிடும். ஒரு காது முழுவதுமாக அடைபட்டுவிட்டது. பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவரால் சொல்ல முடியாது. விழ நேர்ந்தால், தலையைக் காக்க வேண்டிய ஹெல்மெட்டுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் நடுவே கண்ணாடியும் உலோகமும் சேர்ந்த ஒரு கடினமான பலகை இருக்கிறது.

கையில் பிடித்துப் பேசுபவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு கையால் பிடித்த கைப்பிடி சின்னக் குழியில் இறங்கினாலே திரும்பிவிடும். காரில் ஒரு சிறு பிசகு பம்பரோடு போய்விடலாம். இருசக்கர வாகனத்தில் உடம்புதான் பம்பர். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வண்டியின்மீது எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இரண்டு காதிலும் பாட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதும் வேண்டாம். இருசக்கர வாகன ஓட்டிக்குக் காதும் ஒரு கண்ணாடிதான்.

வழி காட்டும் வரைபடம் இல்லாமல் போகவே முடியாதே?

வரைபடத்தை நான் குறை சொல்லமாட்டேன். தெரியாத ஊரில் பெயர்ப் பலகையைத் தேடித் தடுமாறி ஓட்டுவதைவிட அது நல்லது. ஆனால் பயன்படுத்தும் முறை இருக்கிறது. புறப்படும் முன்பே சேருமிடத்தைப் பதிந்துவிடுங்கள். முழு வழியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குரலை ஓட விடுங்கள். செல்போனை அதற்கான ஹோல்டரில், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, முன் கண்ணாடிப் பார்வையை மறைக்காத இடத்தில் வையுங்கள். மடியிலோ, தொடைகளுக்கு நடுவிலோ, டாஷ்போர்டின் மேல் சும்மாவோ வைக்காதீர்கள்.

வழி தவறிவிட்டால் தவறட்டும். வரைபடம் தானே புதிய வழியைக் கணக்கிட்டுக்கொள்ளும். அதைத் திருத்த ஓடும் வண்டியில் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதும், திருப்பத்தைத் தவறவிட்ட பதற்றத்தில் நெடுஞ்சாலையில் பின்னோக்கி வருவதும்தான் உயிரை எடுப்பவை.

செல்போன் காலடியில் விழுந்துவிட்டால்?

குனியாதீர்கள். குனிந்தால் தலை டாஷ்போர்டுக்குக் கீழே போய், சாலையே தெரியாமல் போய்விடுகிறது, ஸ்டீயரிங்கும் உடலோடு சேர்ந்து திரும்பிவிடும். விழுந்த செல்போன் பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு, பெடல் முழுவதுமாக இறங்குவதைத் தடுக்கவும் கூடும். ஆகவே வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக நிறுத்திய பிறகு எடுங்கள்.

பல வருடமாகப் பேசிக்கொண்டேதான் ஓட்டுகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே?

இதுவரை நீங்கள் பேசிய ஒவ்வொரு முறையும் வேறு யாரோ கவனமாக இருந்திருக்கிறார்கள். நீங்கள் கோட்டைத் தாண்டியபோது எதிரே வந்தவர் விலகிக்கொண்டார், நீங்கள் பார்க்காத பாதசாரி ஓரடி பின்னால் வைத்தார். பேசிக்கொண்டிருந்ததால் அவர்களை நீங்கள் பார்க்கவும் இல்லை. தப்பித்த தருணங்கள் நினைவில் பதியாதபோது எல்லாம் சரியாக நடந்ததாகத்தான் தோன்றும்.

‘என்னால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கையையும் சோதித்திருக்கிறார்கள். 2010-இல் வெளியான ஆய்வில், பாவனைக் கருவியில் ஓட்டிக்கொண்டே செல்போனில் கடினமான கேள்விகளுக்குப் பதில் சொன்ன 200 பேரில், இரண்டிலும் சற்றும் பிசகாமல் செய்தவர்கள் இரண்டரை சதவீதம் பேர்தான். நீங்கள் அந்த இரண்டரை சதவீதத்தில் ஒருவர் என்று தோன்றுகிறதா? எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. 2013-இல் வந்த மற்றொரு ஆய்வில், பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதில் தாங்கள் சராசரியைவிட மேல் என்று 70 சதவீதம் பேர் சொன்னார்கள். அதிகமாக அப்படிச் செய்பவர்கள்தாம் சோதனையில் பின்தங்கினார்கள்.

நடந்து போகும்போது பார்க்கலாம்தானே?

வேண்டாம், குறிப்பாகச் சாலையைக் கடக்கும்போது. வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில், ஒற்றைச் சக்கர சைக்கிளில் வண்ண உடை அணிந்த கோமாளி ஒருவரைச் சுற்றிவரச் செய்து, அந்த வழியே நடந்துபோனவர்களிடம் பிறகு கேட்டார்கள். செல்போனில் பேசிக்கொண்டே நடந்தவர்களில் நால்வரில் ஒருவர்தான் கோமாளியைக் கவனித்திருந்தார். கோமாளியைக் காணாத கண்ணுக்கு வேகமாக வரும் கார் மட்டும் எப்படித் தெரியும்?

வேலையே செல்போனில்தான் இருக்கிறது. எடுக்காவிட்டால் மேலதிகாரி திட்டுவார். என்ன செய்வது?

இது நியாயமான கவலை. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுநர் மட்டும் இல்லை.

2013 ஜூலையில் ஸ்பெயினில் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா அருகே ரயில் ஒன்று, 80 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டிய வளைவில் 179 கி.மீ. வேகத்தில் நுழைந்து தடம் புரண்டது. கிட்டத்தட்ட 80 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் அதற்குச் சற்று முன்புவரை செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். யாருடன்? அதே ரயிலில் பணியில் இருந்த நடத்துநருடன். வீட்டு அரட்டை இல்லை, ஊர்க்கதை இல்லை, வேலை தொடர்பான அழைப்பு. வேலைக்கான அழைப்பு என்பதற்காக மூளை அதைத் தனியாகப் பிரித்து வைத்துவிடுவதில்லை. (அந்த வளைவில் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் வசதி இல்லாமல் இருந்ததும் பெரும் காரணம் என்பதையும் சொல்ல வேண்டும்.) 2008-இல் கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் பயணிகள் ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிச் சரக்கு ரயிலுடன் மோதி 25 பேர் இறந்தபோது, ஓட்டுநர் தன் கடைசிக் குறுஞ்செய்தியை மோதலுக்கு 22 விநாடிகளுக்கு முன் அனுப்பியிருந்தார்.

ஆகவே மேலதிகாரிகளுக்கு: உங்கள் ஆள் சாலையில் இருக்கிறார் என்று தெரிந்தால் அழைக்காதீர்கள். தெரியாமல் அழைத்துவிட்டால், எடுத்தவுடன் ‘வண்டியில் இருக்கிறீர்களா?’ என்று கேட்டு, ஆம் என்றால் வைத்துவிடுங்கள். எடுக்காததற்காக யாரையும் கண்டிக்கமாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். பொருள் கொண்டு சேர்க்கும் வேலையில் இருப்பவருக்கு, ஓடும்போதே அடுத்த ஆர்டரை ஏற்கச் சில விநாடிதான் அவகாசம் என்றால், அந்த விநாடிகளை வகுத்தவருக்கும் விபத்தில் பங்கு இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு தண்டனை மாறும். ஆனால் கையில் பிடித்துப் பேசுவது பெரும்பாலான நாடுகளில் குற்றம். 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் 2006-இல் சேர்க்கப்பட்ட திருத்தம், ஓடும் வண்டியில் ஓட்டுநர் செல்போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதைத் தடை செய்யுமாறு நாடுகளைக் கேட்கிறது. பிரிட்டன் 2003-இல் தடை செய்தது. படம் எடுத்தேன், பாட்டு மாற்றினேன், பேசவில்லையே என்று சிலர் தப்பித்ததால், 2022-இல் அந்த ஓட்டையையும் அடைத்தது.

ஹெட்போனில் பேசுவதைப் பல நாடுகளின் சட்டம் அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிப்பதால் அது பாதுகாப்பு ஆகிவிடாது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011-இல், கையில் பிடிக்காத செல்போன்களையும் சேர்த்தே தடை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு மிசூரி மாநிலத்தின் கிரே சம்மிட் அருகே நடந்த விபத்தை விசாரித்த பிறகு வந்த பரிந்துரை அது. 19 வயது இளைஞர் ஓட்டிய வண்டி ஒரு லாரியின் பின்னால் மோத, அதன்மேல் ஒரு பள்ளி பஸ்ஸும், அந்த பஸ்ஸின்மேல் இன்னொரு பள்ளி பஸ்ஸும் மோதின. இருவர் இறந்தார்கள், 38 பேர் காயமடைந்தார்கள். அந்த இளைஞர் அதற்கு முந்தைய 11 நிமிடங்களில் 11 குறுஞ்செய்திகள் அனுப்பியும் பெற்றும் இருந்தார்.

விபத்துக்குப் பிறகு செல்போனில் இருந்தது தெரியவருமா?

வரும். மேலே சொன்ன 11 செய்திகளும் அப்படித்தான் தெரியவந்தன. அழைப்புப் பதிவில் நேரம் விநாடிக் கணக்கில் இருக்கிறது.

எடுக்காமல் இருக்க முடியவில்லை. மணி அடித்தாலே கை தானாகப் போகிறது. எப்படி நிறுத்துவது?

மன உறுதியை நம்பாதீர்கள். ஒலி வந்த பிறகு எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதே கவனச் சிதறல்தான். ஒலியே வராமல் செய்துவிடுங்கள். ஐபோனில் ஓட்டும்போது அறிவிப்புகளை நிறுத்தி வைக்கும் வசதி 2017 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கருவிகளிலும் ‘தொந்தரவு செய்யாதே’ என்ற அமைப்பு உண்டு. வண்டி நகர்ந்ததும் அல்லது காரின் ப்ளூடூத்துடன் இணைந்ததும் அது தானாக இயங்கும்படி பல கருவிகளில் அமைத்துக்கொள்ள முடியும். ‘ஓட்டிக்கொண்டிருக்கிறேன், நின்றதும் அழைக்கிறேன்’ என்ற பதிலைத் தானாக அனுப்பும் வசதியும் சிலவற்றில் உண்டு.

இன்னும் எளிய வழி: சாவி போடும் முன் செல்போனைப் பையில் போட்டு, பையைப் பின்னிருக்கையில் வையுங்கள். கைக்கு எட்டாததைக் கை தேடாது. இருசக்கர வாகனம் என்றால் இருக்கைக்கு அடியில் பூட்டிவிடுங்கள்.

உண்மையிலேயே அவசர அழைப்பாக இருந்தால்?

நிறுத்திப் பேசுங்கள். நிறுத்தும் இடம் முக்கியம்: நெடுஞ்சாலையின் ஓரம் பாதுகாப்பான இடம் இல்லை, வளைவும் பாலமும் இன்னும் மோசம். பெட்ரோல் நிலையம், கடை வாசல், கிளைச் சாலை என்று வண்டிகள் வேகமாக வராத இடம் வரும்வரை போங்கள். அந்த இரண்டு மூன்று நிமிடத் தாமதத்தால் எதுவும் கெட்டுவிடாது. கெட்ட செய்தி என்றால், கேட்ட பிறகு உடனே வண்டியை எடுக்காதீர்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

நிறைய. ஓட்டுநருக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி அவர்மீது அன்பு வைத்திருப்பவர்களிடமிருந்து வருகிறது. ‘எங்கே வந்துகொண்டிருக்கிறாய்?’ என்ற கேள்வியைக் கவலையோடுதான் கேட்கிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் சாலையிலிருந்து மனத்தை எடுக்கிறார். எடுக்காவிட்டால் நாம் மறுபடியும், மறுபடியும் அழைக்கிறோம். மூன்றாவது முறை மணி அடிக்கும்போது வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று அவர் பதறுவார், 80 கி.மீ. வேகத்தில் செல்போனைத் தேடுவார்.

ஆகவே ஒருமுறை அழைத்து எடுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். எங்கே வருகிறார் என்று தெரிய வேண்டுமானால், புறப்படும் முன்பே அவர் இருப்பிடத்தைப் பகிர்ந்துவிடச் சொல்லுங்கள், கேட்காமலே பார்த்துக்கொள்ளலாம். புதிதாக ஓட்டக் கற்ற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது இன்னும் அவசியம், ஏனென்றால் பெற்றோரின் அழைப்பை எடுக்காமல் விடப் பிள்ளைகள் தயங்குவார்கள். ‘ஓட்டும்போது நான் அழைத்தாலும் எடுக்காதே, கோபித்துக்கொள்ளமாட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உலகெங்கும் 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் உயிரை மிக அதிகமாகப் பறிப்பது சாலை விபத்துதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீங்கள் ஓட்டும்போது பின்னிருக்கையில் இருந்து அவர்கள் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

நான் பயணி. ஓட்டுநர் பேசிக்கொண்டே ஓட்டுகிறார். சொன்னால் கோபிப்பாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

சொல்லுங்கள். குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம். ‘ஓரமாக நிறுத்திப் பேசி முடித்துவிடுங்கள், எனக்கு அவசரம் இல்லை, காத்திருக்கிறேன்’ என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் வைத்துவிடுவார்கள். அழைப்பை எடுக்காவிட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவராகவும் இருக்கலாம். காத்திருக்கிறேன் என்ற சொல் அவருக்கும் ஆறுதல். பஸ் என்றால் ஓட்டுநரிடம் நேரே போய்ப் பேச வேண்டாம், அதுவும் கவனத்தைக் கலைக்கும். நடத்துநர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் சொல்லுங்கள். சொல்லியும் கேட்காவிட்டால் பாதுகாப்பான இடத்தில் இறங்கிவிடுங்கள். பிறகு வண்டி எண், நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொண்டு நிறுவனத்துக்கோ போக்குவரத்துக் காவலுக்கோ புகார் கொடுங்கள்.